கடல் காற்றாலையால் எத்தனை உயிர், எவ்வளவு பணம்? தாளில் கணக்குப் போடும் முறை

மின்சுமைக் கட்டுப்பாட்டு அறையில் இருபத்தாறு வருடம் ஷிஃப்ட் பார்த்தவன் நான். எந்த நிலையத்தை ஏற்றுவது, எதை இறக்குவது என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு தெரிந்தவர்கள் திட்ட அறிக்கைகளை அனுப்பி, "ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க சார்" என்கிறார்கள். கடல் காற்றாலை அறிக்கை என்றால் முதல் சில பக்கங்களுக்குள் வண்ணக் கட்டம் ஒன்று கட்டாயம் இருக்கும். இத்தனை உயிர் பிழைக்கும், இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

கடைசியாக வந்த அறிக்கையின் கட்டத்தில் மூன்று எண்கள்: 600 மெகாவாட், ஆண்டுக்கு 54 உயிர், 10,000 வேலை. இந்த மூன்றையும் வைத்தே முறையைச் சொல்கிறேன். ஒரு தாள், பென்சில், போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

முதலில் மெகாவாட்டை யூனிட்டாக மாற்றுங்கள்

600 மெகாவாட் என்பது எல்லாக் காற்றாலைகளும் முழு மூச்சில் சுற்றும்போது கிடைப்பது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். பயிற்சிக் காலத்தில் நான் இரண்டையும் அப்படியே பெருக்கி மேலதிகாரியிடம் நீட்டினேன். அவர் விடையைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் "காற்று லீவே எடுக்காதா?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். இன்றைக்கும் எந்த அறிக்கையைத் திறந்தாலும் அந்தச் சிவப்பு வட்டம் கண்முன் வரும்.

லீவு போக மிஞ்சுவது எவ்வளவு? நல்ல இடத்தில் நிற்கும் கடல் காற்றாலை தன் முழுத் திறனில் 40 முதல் 50 சதவீதம் வரை ஆண்டுச் சராசரியாகத் தரும். ஸ்காட்லாந்துக் கடலில் 2017 முதல் மிதந்துகொண்டிருக்கும் ஹைவிண்ட் நிலையம் தொடக்க ஆண்டுகளில் 50 சதவீதத்தையும் தாண்டியது. காற்றின் வேகம் பத்து சதவீதம் கூடினால் அதிலுள்ள ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது என்பதால். மரமும் கட்டடமும் மறிக்காத கடலுக்குப் போய் இவ்வளவு செலவழித்துத் தூண் ஊன்றுவது இந்தக் கூடுதலுக்காகத்தான். ஆனால் முன்வரிசை இறக்கைகள் பின்வரிசைக்குப் போகும் காற்றைத் தின்றுவிடும். கேபிளில் கொஞ்சம் இழப்பு, பழுதில் கொஞ்சம். அறிக்கையில் இருக்கும் சதவீதம் இவற்றைக் கழித்ததா, கழிக்காததா என்று பாருங்கள். நம் அறிக்கையில் கழித்த பிறகு 42 என்று இருந்தது. நம்பலாம்.

600 × 8,760 × 0.42 = 22,07,520 மெகாவாட்-மணி. ஒரு மெகாவாட்-மணி ஆயிரம் யூனிட். ஆக ஏறக்குறைய 220 கோடி யூனிட். நூறு கோடி யூனிட்டை ஒரு டெராவாட்-மணி என்பார்கள்; நம் கையில் 2.2 டெராவாட்-மணி இருக்கிறது.

அடுத்து, புகைபோக்கியைத் தேடுங்கள்

காற்றாலை யாருடைய மூச்சுக்காற்றையும் சுத்தம் செய்யாது. அது ஒரு யூனிட் கொடுக்கும்போது வேறெங்கோ ஒரு நிலையம் ஒரு யூனிட்டைக் குறைக்கிறது. அந்த நிலையத்தின் புகை குறைகிறது, அந்தப் புகை போகும் திசையில் இருப்பவர்களின் நெஞ்சு லேசாகிறது. ஆகவே உடல்நலப் பலன் கடலில் இல்லை, எங்கோ இருக்கும் ஒரு புகைபோக்கியின் வாயில் இருக்கிறது. எந்தப் புகைபோக்கி என்று சொல்லாத அறிக்கை, உயிர்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஒரு ராத்திரி. மணி மூன்று இருக்கும். தேவை அடிமட்டத்தில் கிடக்கிறது. காற்று ஏற ஆரம்பித்தது, ஃபிரீக்வென்சியும் கூடவே ஏறியது, அதாவது தேவையைவிட மின்சாரம் கூடிக்கொண்டிருந்தது. நிலக்கரி நிலையத்துக்குப் போன் போட்டேன்.

"சார், ரெண்டாவது மெஷின்ல இன்னொரு ஐம்பது மெகாவாட் குறைங்க."

"மினிமத்துக்கு வந்தாச்சு சார். இதுக்கு மேல குறைச்சா ஆயில் ஊத்தணும்."

நிலக்கரி உலையில் ஓர் அளவுக்குக் கீழே போனால் தீ நிலையாக நிற்காது, எண்ணெய் பீய்ச்சித்தான் பிடித்து நிறுத்த வேண்டும். அந்தக் குறைந்த சுமையில் ஒரு யூனிட்டுக்கு ஆகும் நிலக்கரியும் கூடிப்போகும். அதனால் அவரை விட்டுவிட்டு எரிவாயு நிலையத்தில் ஐம்பது குறைக்கச் சொன்னேன். அன்று ராத்திரி காற்று இடித்துத் தள்ளியது எரிவாயுவை. ஆண்டறிக்கை எழுதியவரோ அந்த யூனிட்களையும் சேர்த்து "நிலக்கரி மிச்சம்" என்று போட்டுவிட்டார்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. பல நாடுகளின் மின்தொகுப்பு இயக்குநர்கள் எந்த எரிபொருளில் எவ்வளவு மின்சாரம் என்று மணிக்கு மணி வெளியிடுகிறார்கள். அதைப் பதிவிறக்கிக்கொண்டு காற்று என்ற பத்தியையும் மற்றவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தேவை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இரண்டு மணி நேரங்களை எடுத்து, காற்று ஏறிய மணியில் எது இறங்கியது என்று பாருங்கள். மாலை உச்ச நேரம், நள்ளிரவு, நண்பகல் என்று மூன்றாகப் பிரித்து, பருவத்துக்கு ஒரு வாரம் பார்த்தால்கூடப் படம் தெளிந்துவிடும். யாருமே இறங்க முடியாத நேரத்தில் காற்றாலையையே நிறுத்தச் சொல்வோம். அந்த யூனிட்களுக்கு உயிர்க்கணக்கு எதுவும் கிடையாது. நீர்மின் நிலையம் இறங்கினால் தண்ணீர் அணையில் மிஞ்சும், இன்னொரு நாள் வேறொரு நிலையத்தை இறக்கும். அதைப் பின்தொடர்ந்து போனால் தலை சுற்றும். முதல் கணக்கில் விட்டுவிடுங்கள்.

புகைபோக்கி பளிச்சென்று தெரிந்த இடமும் உண்டு. அமெரிக்காவின் பிளாக் தீவில் டீசல் ஜெனரேட்டர்களை ஓட்டித்தான் மின்சாரம் எடுத்தார்கள். 2016-இல் பக்கத்துக் கடலில் ஐந்து காற்றாலைகள், மொத்தம் 30 மெகாவாட், ஓட ஆரம்பித்தன. 2017 மே மாதம் டீசல் நிலையத்தை நிறுத்தினார்கள். அதன் இரைச்சலும் புகையும் நின்றன. பலன் யாருக்கு என்று விரல் நீட்டிச் சொல்லலாம். ஆனால் அங்கேயும் ஒரு கொக்கி உண்டு: தீவுக்குத் தேவை அந்த 30 மெகாவாட்டில் ஒரு சிறு பங்குதான். மிச்சம் கடலடிக் கேபிள் வழியே பெருநிலத்துக்குப் போகிறது, அங்கே டீசல் கணக்கு செல்லாது. ஒரே காற்றாலைக்கு இரண்டு கணக்கு.

உயிர்க்கணக்கு

புகையில் கொல்வது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத தூசு. இரண்டரை மைக்ரானுக்கும் குறைவான துகளைப் பி.எம். 2.5 என்கிறார்கள், தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலின் ஆழம் வரை போய் ரத்தத்திலும் கலக்கும். மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், நாள்பட்ட மூச்சடைப்பு எல்லாம் இதன் கூட்டாளிகள். புகைபோக்கியிலிருந்து துகளாகவே வெளிவருவது ஒரு பகுதிதான். கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வாயுவாகக் கிளம்பி, போகும் வழியில் துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும். நிலையத்தின் வாசலில் காற்றை அளந்துவிட்டு "இங்கே ஒன்றும் இல்லையே" என்பவர்களிடம் புகைபோக்கியை ஏன் அவ்வளவு உயரமாகக் கட்டினார்கள் என்று கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பி.எம். 2.5-க்கான ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவை ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5-ஆகக் குறைத்தது. வெளிக்காற்று மாசால் 2019-இல் உலகம் முழுவதும் 42 லட்சம் பேர் காலத்துக்கு முன்பே இறந்ததாக அதன் மதிப்பீடு. இது வண்டிப்புகை, தொழிற்சாலை எல்லாம் சேர்ந்த எண். இதை அப்படியே தூக்கி மின்நிலையங்களின் தலையில் போடும் அறிக்கைகளும் உண்டு, கவனம்.

மின்நிலையத்துக்கென்று ஒரு விகிதம் வேண்டும். 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஐரோப்பிய மதிப்பீட்டைத்தான் நான் முதல் கணக்குக்கு எடுப்பேன். அதன்படி ஒரு டெராவாட்-மணிக்குக் காற்று மாசால் நேரும் மரணங்கள், நிலக்கரிக்கு 24.5, பழுப்பு நிலக்கரிக்கு 32.6, எண்ணெய்க்கு 18.4, எரிவாயுவுக்கு 2.8. மரணத்தோடு நிற்பதில்லை. படுக்கையில் தள்ளும் தீவிர நோய் நிலக்கரிக்கு 225, எரிவாயுவுக்கு 30.

இப்போது 2.2-ஐ 24.5-ஆல் பெருக்குங்கள். 53.9. அறிக்கையின் 54 எங்கிருந்து குதித்தது என்று தெரிந்துவிட்டதா? 220 கோடி யூனிட்டும் ஒன்றுவிடாமல் நிலக்கரியை இடித்துத் தள்ளும் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாமே எரிவாயு என்றால் விடை 6 சொச்சம். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். நான் குத்துமதிப்பாக 30 சதவீதம் நிலக்கரி, 60 எரிவாயு, மிச்சம் 10 யாரையும் இறக்காத யூனிட் என்று போட்டேன். 16.2-உம் 3.7-உம் சேர்த்து 20.

இந்த விகிதமே கல்லில் செதுக்கியதல்ல. கந்தகத்தைக் கழுவும் கருவி பூட்டாத பழைய நிலையம் என்றால் எண் ஏறும். கருவியும் வடிகட்டியும் ஒழுங்காக ஓடும் நிலையம் என்றால் இறங்கும். புகை போகும் திசையில் ஜனம் நெருக்கமாக இருந்தால் ஏறும், வெறும் கடலுக்குப் போனால் இறங்கும். 2023-இல் சயின்ஸ் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, நிலக்கரி நிலையங்களிலிருந்து வரும் பி.எம். 2.5-ஐ மட்டும் தனியே பிரித்துப் பார்த்தது. பொதுவான பி.எம். 2.5-ஐ விட அதற்கு 2.1 மடங்கு மரண அபாயம் என்றும், 1999 முதல் 2020 வரை முதியோர் காப்பீட்டில் இருந்தவர்களில் 4,60,000 மரணங்களை அதோடு சேர்க்கலாம் என்றும் கண்டது.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரக் கடல் காற்றாலைகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்த 2016 ஆய்வு ஒன்று எனக்குப் பிடிக்கும். உடல்நலம், பருவநிலை இரண்டும் சேர்த்த பலன் ஒரு மெகாவாட்-மணிக்கு 54 டாலரிலிருந்து 120 டாலர் வரை என்று வந்தது. நியூ ஜெர்சியா மேரிலாந்தா, எந்த ஆண்டு, எவ்வளவு பெரியது, இந்த வித்தியாசத்திலேயே பலன் இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிட்டது. இடித்துத் தள்ளப்படும் நிலையம் மாறியதுதான் காரணம். என் வாதமும் இதுவேதான்.

இதற்குமேல் நுணுக்கம் வேண்டுமென்றால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் இலவசக் கருவிகள் இரண்டு உண்டு. எந்த நிலையம் எந்த மணியில் இறங்கும் என்பதை அவெர்ட் சொல்லும். அதன் விடையைக் கோப்ராவில் போட்டால் மாவட்டவாரியாக உடல்நலப் பலன் வரும். அமெரிக்கத் தரவுக்கென்று செய்தவை. வேறு நாட்டுக்குப் பொருந்தாது, ஆனால் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள நல்ல வாத்தியார்.

பணக்கணக்கு: யார் பையில்?

தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் யாராவது ஒருவர் பையில் நிஜமாக விழும் பணம். வலப்பக்கம் மதிப்பாக மட்டும் இருக்கும் பணம். பிழைத்த உயிருக்குப் பொருளியலாளர்கள் ஒரு மதிப்புப் போடுவார்கள், அது வலப்பக்கம். குறைந்த ஆஸ்பத்திரிச் செலவு இடப்பக்கம். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும் அறிக்கையைப் படிக்கும் அரசு நிதித்துறைக்காரர் அந்தப் பணம் எந்தக் கணக்கில் வரும் என்று கேட்பார், சொன்னவர் விழிப்பார்.

10,000 வேலைக்கு வருவோம். அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் "ஆள்-ஆண்டுகள்" என்று இருந்தது. ஒருவர் ஓர் ஆண்டு பார்க்கும் வேலைதான் ஓர் ஆள்-ஆண்டு. பிரித்துப் பார்த்தேன். கட்டும் காலத்தில் 2,000 பேர் மூன்று ஆண்டு, 6,000. ஓட்டும் காலத்தில் 160 பேர் 25 ஆண்டு, 4,000. கூட்டினால் 10,000. பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு பையன் படித்துவிட்டு இதை நம்பிக் கல்யாணம் கட்டக்கூடிய வேலைகள் 160. அந்த 160 பேரின் இடம்தான் எனக்கு முக்கியம்: படகு ஓட்டுநர், உயரத்தில் கயிற்றில் தொங்கி இறக்கையைச் சுரண்டிப் பூசுபவர், ஹைட்ராலிக் மெக்கானிக், உதிரிபாகக் கிடங்குக் கணக்கர். இவர்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தாக வேண்டும், வேலையைத் தூர தேசத்துக்கு அனுப்ப முடியாது.

கட்டும் காலத்து 6,000 அப்படியல்ல. இறக்கை ஒரு நாட்டிலிருந்தும் தூண் இன்னொரு நாட்டிலிருந்தும் கப்பலேறி வந்தால் அந்த வேலைகளும் அங்கேயே தங்கிவிடும். டென்மார்க்கின் எஸ்பியர், இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகங்கள் இதில் பிழைத்ததற்குக் காரணம் கரை: கனத்த தூண்களை அடுக்கிவைக்கத் திடமான தளம், கப்பல் வந்து நிற்க ஆழம், அல்லது அன்றாடம் படகு அனுப்பக் கடல் நிலையம் கூப்பிடு தூரத்தில். மீன்பிடித்தொழில் சுருங்கிப்போன கிரிம்ஸ்பி இப்போது பராமரிப்புத் துறைமுகம். ஹல் நகரில் 2016 முதல் இறக்கைத் தொழிற்சாலை ஓடுகிறது. அறிக்கையில் துறைமுகத்தின் பெயரும், தளத்தைப் பலப்படுத்த யார் செலவழிக்கிறார்கள் என்பதும் இல்லையென்றால் கட்டும் வேலையில் பாதியை அடித்துவிடுங்கள்.

இன்னொன்று. சம்பளத்தைப் "பலன்" என்று கூட்டும்போது அதே சம்பளம் திட்டச் செலவிலும் உட்கார்ந்திருக்கிறது. ஊருக்கு வரவு, திட்டத்துக்குச் செலவு. ஒரே பக்கத்தில் இரண்டு வேஷம் கட்ட விடாதீர்கள்.

மின்கட்டணம் குறையுமா? சந்தையில் மலிவான நிலையம் முதலில், விலை கூடியது கடைசியில் என்று வரிசை நிற்கும். கடைசியாக அழைக்கப்படும் நிலையத்தின் விலைதான் எல்லோருக்கும் விலை. காற்றுக்கு எரிபொருள் செலவு இல்லாததால் வரிசையின் முன்னால் நுழைந்துவிடும், கடைசியில் நின்ற எரிவாயு வெளியே போகும், மொத்த விலை இறங்கும். ஆனால் அந்த இறக்கம் மற்ற நிலையங்களின் வருமானத்திலிருந்துதான் வருகிறது. நாட்டின் மொத்தக் கணக்கில் மிச்சமான எரிபொருளை மட்டும் லாபமாக எழுதுங்கள். வீட்டு பில்லுக்கு வருமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பிரிட்டனில் இருபக்க ஒப்பந்தம்: விலை ஒன்றைப் பேசி வைப்பார்கள், சந்தை அதற்குக் கீழே போனால் குறையை நுகர்வோர் கொடுப்பார்கள், மேலே போனால் மிகையைக் காற்றாலை திருப்பித் தரும். எரிவாயு விலை எகிறும் ஆண்டில் அது குடைபோல நிற்கும்.

எல்லாவற்றையும் ஆட்டிப்படைப்பது வட்டி. கடல் காற்றாலையில் பணம் முழுக்க முன்னாலேயே கொட்டப்படுகிறது. 100 கடனை 25 ஆண்டில் அடைக்க 4 சதவீத வட்டியில் ஆண்டுத் தவணை 6.40. 8 சதவீதத்தில் 9.37. காற்று அதேதான், தவணை மட்டும் 46 சதவீதம் அதிகம். 2023-இல் வட்டியும் இரும்பு விலையும் ஏறிய நேரத்தில் பிரிட்டனின் ஏலத்தில் கடல் காற்றாலைக்கு ஒரு கேட்புகூட வரவில்லை. அதே ஆண்டு நியூ ஜெர்சிக் கடலின் ஓஷன் விண்ட் திட்டங்கள் இரண்டையும் ஓர்ஸ்டட் நிறுவனம் கைவிட்டது. அறிக்கையில் எந்த வட்டி போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதில் இரண்டு சதவீதம் கூட்டி மறுபடி போடுங்கள். அப்போதும் கணக்கு நின்றால் திட்டம் நிற்கும்.

கழிக்க வேண்டியதையும் மறக்காதீர்கள். கட்டும்போது தூண் அடிக்கும் சத்தம் கடற்பன்றிகளையும் திமிங்கிலங்களையும் விரட்டும். ஜெர்மனியில் 750 மீட்டர் தூரத்தில் 160 டெசிபலுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்து, தூணைச் சுற்றிக் காற்றுக் குமிழித் திரை விடுகிறார்கள். வலை இழுக்கும் படகுகள் வழி மாறிப் போக வேண்டும். அவர்கள் இழப்பு இடப்பக்கத்தில் கழித்தலாக வர வேண்டும். இரும்பையும் கண்ணாடி இழையையும் செய்வதிலும் புகை உண்டு. ஐ.நா.வின் பருவநிலை ஆய்வுக் குழுவின் 2014 மதிப்பீட்டில் கடல் காற்றாலையின் முழு ஆயுட்காலத்துக்கும் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு, நிலக்கரிக்கு 820. கழித்தாலும் பெரிதாகக் குறையாது, ஆனாலும் கழித்துவிட்டேன் என்று எழுதுங்கள்.

நம் அறிக்கையின் ஓரத்தில் நான் சிவப்புப் பென்சிலால் "எந்தப் புகைபோக்கி?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து மணிக்கணக்குப் பட்டியல் வந்தது. நிலக்கரி 40 சதவீதம், எரிவாயு 50. போட்டுப் பார்த்தால் 25 உயிர். அவர்களின் 54-உம் தப்பு, என் 20-உம் தப்பு. நான் நினைத்ததைவிட அதிகமாக ஒரு நிலக்கரி நிலையம் இறங்கிக் கொடுக்கிறது. உலையைத் திருத்தி, எண்ணெய் ஊற்றாமலே முன்னைவிடக் கீழே போகிறார்களாம். நிலையத்தின் பெயரைப் பார்த்தேன். அந்த மூன்று மணி ராத்திரியில் "மினிமத்துக்கு வந்தாச்சு சார்" என்றவர் வேலை பார்த்த இடம்.